எலுமிச்சம்பழமும் 1693ஆம் வருஷமும்

திருப்பூருக்குப் போயிருக்கிறீர்களா? போனால், காலை எட்டு மணி சுமாருக்கு பனியன் கம்பெனிகள் இருக்கும் ஏதாவது ஒரு சந்தில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் டெய்லர், செக்கிங் பெண்கள், அயர்ன் போடுகிறவர் என்று ஊரே டிபன் பாக்ஸும் கையுமாக ஓடிக்கொண்டிருக்கும். ஓர் அமாவாசைக்கு மறுநாள் நானும் அப்படி நின்றுகொண்டிருந்தேன். சந்து திரும்பும் முனையில், நடு ரோட்டில் ஒரு எலுமிச்சம்பழம். இரண்டாக வெட்டி, குங்குமம் தடவி, பக்கத்தில் நாலு மிளகாய்.

அவ்வளவு அவசரத்திலும் ஒருவர்கூட அதை மிதிக்கவில்லை! நெற்றி நிறைய விபூதி பூசியவர் விலகிப் போனார். கழுத்தில் சிலுவை டாலர் போட்ட பெண் விலகிப் போனார். தொப்பி வைத்த பாய் சைக்கிளை ஒடித்துத் திருப்பினார். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாத வடநாட்டு இளைஞர்கள் நாலு பேர் செல்போனில் பேசிக்கொண்டே வந்தார்கள்... அவர்களும் ஓர் அடி தள்ளித்தான் கால் வைத்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. (நானும் தாண்டித்தான் வந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்!)

அந்த முனைச் சுவரில் இரண்டு போஸ்டர்கள். ஒன்றில், எப்பேர்ப்பட்ட செய்வினையையும் எடுத்துத் தருவதாக ஒரு மலையாள மாந்திரீகர். இன்னொன்றில், பில்லி, சூனியம், ஏவல் கட்டுகளிலிருந்து விடுதலை தருவதாக ஒரு ஜெபக்கூட்ட அழைப்பு. இரண்டு போஸ்டர்காரர்களும் ஒருவரை ஒருவர் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார்கள். ஆனால், ஒரு விஷயத்தில் இருவருக்கும் முழு உடன்பாடு... சூனியம் என்று ஒன்று நிச்சயமாக உண்டு!

சரி, கிறிஸ்தவம் சூனியத்தைப் பற்றி உண்மையில் என்னதான் சொல்கிறது? ‘இதெல்லாம் ஒரு கேள்வியா, அது பிசாசின் வேலை என்று சொல்லும்’ என்பீர்கள். அவ்வளவு சுலபமில்லை. இரண்டாயிரம் வருஷமாக அந்த மதத்துக்குள் இரண்டு குரல்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. ஒன்று, ‘அப்படி எதுவும் கிடையாது, பயப்படாதே’ என்கிற குரல். இன்னொன்று, ‘இருக்கிறது, ஆனால் எங்கள் கடவுள் அதைவிடப் பெரியவர்’ என்கிற குரல். எந்தக் குரல் எப்போது ஓங்கியது என்பதைப் பொறுத்து ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பியிருக்கின்றன... அல்லது போயிருக்கின்றன.

முதலில் பைபிளுக்கு வருவோம். பழைய ஏற்பாட்டில், யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில், சூனியக்காரிக்கு மரண தண்டனை சொல்லும் ஒற்றை வரி இருக்கிறது. பின்னாளில் ஐரோப்பாவில் எத்தனையோ பெண்களின் உயிரைக் குடித்த வரி. அதே பழைய ஏற்பாட்டில் சவுல் ராஜாவின் கதையும் வருகிறது. குறி சொல்கிறவர்களையெல்லாம் நாட்டை விட்டே துரத்திய ராஜா அவர். தனக்கு ஒரு நெருக்கடி வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? ராத்திரியோடு ராத்திரியாக மாறுவேஷம் போட்டுக்கொண்டு, எந்தோர் என்கிற ஊரில் ஒரு குறிகாரியின் வாசலில் போய் நின்றார்!

புதிய ஏற்பாட்டில் இயேசு பல இடங்களில் பேய்களை விரட்டுகிறார். ஆனால், பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. இயேசுவின் மீதே அந்தப் பழி விழுந்தது. பேய்களின் தலைவனை வைத்துக்கொண்டுதான் இவர் பேய் விரட்டுகிறார் என்று எதிரிகள் பேசினார்கள். அதாவது, சூனியக்காரர் என்று விரல் நீட்டப்பட்டவர்களின் வரிசையில் அவரும் ஒருவர்! அடுத்து, அப்போஸ்தலர் நடபடிகளில் எபேசு நகரத்துக் காட்சி. அங்கே மந்திரவாதம் செய்துகொண்டிருந்தவர்கள் மனம் மாறி, தங்கள் மந்திரப் புத்தகங்களைக் கொண்டுவந்து தெருவில் போட்டு எரிக்கிறார்கள். மதிப்பு ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு என்று கணக்கும் தரப்பட்டிருக்கிறது. எரிந்தவை அவரவர் சொந்தப் புத்தகங்கள். யாரும் யாரையும் எரிக்கவில்லை.

அதன்பிறகும் பல நூற்றாண்டுகள் நிலைமை மோசமில்லை. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் சார்லமேன் சக்கரவர்த்தி, தான் ஜெயித்த சாக்ஸனி நாட்டுக்கு ஒரு சட்டம் போட்டார். ஒரு மனுஷியைச் சூனியக்காரி என்று நம்பி எரித்தால், எரித்தவனுக்கு மரண தண்டனை! 10ஆம் நூற்றாண்டில் திருச்சபையின் ஒரு விதி இன்னும் தெளிவாகச் சொன்னது: ராத்திரியில் தேவதையோடு ஆகாயத்தில் பறந்து போனதாகச் சில பெண்கள் சொல்கிறார்களே, அது கனவு. அதை நிஜம் என்று நம்புவதுதான் தப்பு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பகுத்தறிவு!

அப்புறம் எங்கே கெட்டது?

1485ஆம் வருஷம். ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் நகரம். ஹைன்ரிஷ் கிராமர் என்கிற துறவி சூனிய விசாரணை என்று வந்து இறங்கினார். பெண்களிடம் அவர் கேட்ட அந்தரங்கமான கேள்விகளைப் பார்த்து உள்ளூர் பிஷப்பே முகம் சுளித்தார். வழக்கு தள்ளுபடி. ‘ஊரைக் காலி பண்ணுங்கள்’ என்று பிஷப் சொல்லி அனுப்பினார். அவமானத்தோடு திரும்பிய கிராமர் சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதினார். ‘சூனியக்காரிகளைத் தகர்க்கும் சம்மட்டி’ என்று அர்த்தம் வரும் லத்தீன் தலைப்பு. அச்சு இயந்திரம் புதிதாக வந்த காலம் வேறு. பதிப்பு மேல் பதிப்பாக ஐரோப்பா முழுக்கப் பரவியது. பெண்கள் இயல்பிலேயே பலவீனமானவர்கள், ஆகவே பிசாசுக்குச் சீக்கிரம் பலியாவார்கள் என்பது அதன் வாதம். இரண்டாவது குரல் ஓங்க ஆரம்பித்தது. ‘சூனியம் நிஜம்’ என்று மட்டும் அது நிற்கவில்லை. ‘அதைச் செய்தவள் உன் தெருவில்தான் இருக்கிறாள்’ என்றும் சேர்த்துச் சொன்னது.

விளைவு? 1450லிருந்து 1750 வரை ஐரோப்பாவில் நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்பது இன்றைய வரலாற்றாசிரியர்களின் கணக்கு. முக்கால்வாசிப் பேர் பெண்கள். கத்தோலிக்கர்களும் எரித்தார்கள். அவர்களோடு ஆயிரம் விஷயங்களில் சண்டை போட்ட புராட்டஸ்டண்டுகளும் இந்த ஒரு விஷயத்தில் சளைக்காமல் எரித்தார்கள்.

ஆனால், முதல் குரல் செத்துப் போகவில்லை. அதுவும் எங்கிருந்து எழுந்தது என்று பாருங்கள்... சூனிய விசாரணை நடத்தியவர்களின் நடுவிலிருந்தே! ஸ்பெயினில் 1610ஆம் வருஷம் லோக்ரோன்யோ நகரத்தில் ஆறு பேரை உயிரோடு எரித்தார்கள். தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளில் ஒருவரான சலாசார் என்கிற பாதிரியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கிளம்பினார். ஊர் ஊராகப் போய் ஆயிரத்து எண்ணூறு பேர் வரை விசாரித்தார். அதில் பெரும்பாலும் குழந்தைகள்! பறக்க வைக்கும் தைலம் என்று கொண்டுவந்து கொடுத்ததையெல்லாம் சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். வெறும் எண்ணெயும் களிம்பும். ஊரில் எல்லோரும் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகுதான் சூனியக்காரிகளே முளைத்தார்கள் என்று அறிக்கை எழுதினார். 1614ல் ஸ்பெயினின் தலைமை விசாரணை மன்றம் விதிகளைக் கடுமையாக்கியது. அதற்குப் பிறகு ஸ்பானிய விசாரணை மன்றம் சூனியத்துக்காக ஆட்களை எரிப்பது அநேகமாக நின்றே போனது.

ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் ஷ்பே என்கிற சேசு சபைத் துறவி. மரண தண்டனை பெற்ற ‘சூனியக்காரிகளின்’ கடைசி பாவமன்னிப்பைக் கேட்கிற வேலை அவருக்கு. சாகப் போகிற நேரத்தில் அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்பதை அவர் காதால் கேட்டவர். 1631ல் பெயர் போடாமல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வாதம் ரொம்ப எளிமையானது. போதுமான அளவு சித்திரவதை செய்தால் யாரும் ஒப்புக்கொள்வார்கள். நீதிபதியையும் பாதிரியாரையும் அதேபோல் கட்டி வைத்து முறுக்கினால் அவர்களும் சூனியக்காரர்கள்தான்!

இனி 1693ஆம் வருஷத்துக்கு வருகிறேன். உலக வரைபடத்தில் மூன்று இடங்களில் விரல் வையுங்கள்.

முதல் இடம், அமெரிக்காவில் சேலம். (நம்ம மாம்பழச் சேலம் இல்லை!) 1692 ஜனவரியில் அந்த ஊர்ப் பாதிரியாரின் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்குத் திடீரென்று வலிப்பு மாதிரி வந்தது. கத்தினார்கள், முறுக்கிக்கொண்டார்கள். பெரியவர்கள் கேட்ட கேள்வி, ‘யார் செய்தது?’ அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் குழந்தைகள் என்ன செய்யும்? பெயர்கள் வந்தன. பெயரிடப்பட்டவர்கள் இன்னும் பெயர்கள் சொன்னார்கள். அந்த வருஷம் செப்டம்பருக்குள் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். வாயைத் திறக்க மறுத்த ஒரு கிழவரைக் கற்களை அடுக்கியே கொன்றார்கள். 1693 பிறந்தபோது இன்னும் பலர் சிறையில் இருந்தார்கள். மே மாதம் விடுதலை கிடைத்தது. அதிலும் ஒரு கொடுமை... சிறையில் இருந்த நாட்களுக்குச் செலவுப் பணத்தைக் கட்டினால்தான் வெளியே விடுவார்கள்!

இரண்டாவது இடம், டென்மார்க். 1693 ஏப்ரல் 4ஆம் தேதி. ஆன் பாலஸ் என்கிற எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி. அக்கம்பக்கத்தில் நடந்த கஷ்டநஷ்டங்களெல்லாம் அவள் தலையில் கட்டப்பட்டன. தலையை வெட்டி, உடலை எரித்தார்கள். டென்மார்க்கில் சூனியத்துக்காகச் சட்டப்படி கொல்லப்பட்ட கடைசிப் பெண் அவள்தான்.

மூன்றாவது இடம்... நம்ம ராமநாதபுரம் சீமை. 1693 பிப்ரவரி 4ஆம் தேதி, ஓரியூர். தலை வெட்டப்பட்டவர் ஜான் டி பிரிட்டோ. தமிழில் அருளானந்தர். காவி உடுத்தி, சைவ உணவு சாப்பிட்டு, தமிழ்த் துறவியாகவே வாழ்ந்த போர்ச்சுகீசியர். நோயில் விழுந்த தடியத்தேவர் என்கிற மறவர் தலைவர் கிறிஸ்தவ ஜெபத்தால் குணமானதாக நம்பினார். ஞானஸ்நானம் கேட்டார். ‘ஒரே ஒரு மனைவிதான்’ என்றார் பிரிட்டோ. கைவிடப்பட்ட மனைவிகளில் இளையவரான கடலாயி, கிழவன் சேதுபதியின் உறவுக்காரப் பெண். விஷயம் அரண்மனைக்குப் போனது.

அதற்கப்புறம் நடந்ததை சேசு சபையாரின் கடிதங்கள் விவரிக்கின்றன. சேதுபதியின் ஆட்கள் முதலில் கத்தியை எடுக்கவில்லை. மந்திர பூஜைகளால் பிரிட்டோவை முடிக்கப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. ‘இவன் நம்மைவிடப் பெரிய மந்திரவாதி’ என்று பயந்தார்கள். ஓரியூரில் அவருடைய கழுத்தில் ஒரு சின்னப் பேழை தொங்கியது. புனிதர்களின் நினைவுப்பொருள் வைத்திருந்த பேழை. கொலையாளி அதைக் கையால் தொடப் பயந்து, கத்தியாலேயே கயிற்றை அறுத்தானாம். மருந்து வைத்திருப்பார் என்று பயம்!

யோசித்துப் பாருங்கள். ஒரே வருஷம். இரண்டு இடங்களில் கிறிஸ்தவர்கள் அண்டை வீட்டுக்காரர்களைச் சூனியக்காரர்கள் என்று சொல்லித் தண்டிக்கிறார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு கிறிஸ்தவரையே பெரிய மந்திரவாதி என்று பயந்து வெட்டுகிறார்கள். மதம் எது என்பது இங்கே முக்கியமில்லை. பயம், அதிகாரம், ஒரு குடும்பத் தகராறு... இந்த மூன்றும் சேர்ந்தால் விரல் யார் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும்.

சேலம் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. தூக்குத் தண்டனை விதித்த நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சீவல், 1697 ஜனவரியில் பாஸ்டன் சர்ச்சில், சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க எழுந்து நின்றார். அவர் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தைப் பாதிரியார் வாசித்தார். வாசித்து முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

சரி, அந்த டென்மார்க்கை மறந்துவிடாதீர்கள். ஏனென்றால், ஆன் பாலஸ் எரிந்து பதின்மூன்று வருஷம் கழித்து, 1706 ஜூலை 9ஆம் தேதி, அதே டென்மார்க்கின் ராஜா அனுப்பி வைத்த சீகன்பால்க் நம்ம தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் படித்தது ஜெர்மனியின் ஹாலே நகரத்தில். அந்த ஹாலேயில்தான் தோமாஸியுஸ் என்கிற சட்டப் பேராசிரியர் 1701ல் சூனியக் குற்றம் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டிருந்தார். அவர் நாத்திகர் இல்லை. பிசாசு இருக்கிறது என்றுதான் நம்பினார். ஆனால், உடம்பே இல்லாத பிசாசு ஒரு பெண்ணோடு எப்படி ஒப்பந்தம் போடும்? போட முடியாது என்றால் அப்படி ஒரு குற்றமே கிடையாது. குற்றமே இல்லாதபோது தண்டனை எதற்கு? இவரே சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பெண்ணைச் சித்திரவதை செய்து விசாரிக்கலாம் என்று கருத்து சொன்னவர். கூட இருந்த பேராசிரியர்கள் அதை நிராகரிக்க, வெட்கப்பட்டுப் போய் மறுபடி படிக்க உட்கார்ந்தவர்!

சீகன்பால்க் தமிழ்நாட்டில் வித்தியாசமான ஒரு வேலை செய்தார். தமிழர்களிடம் கேள்விகள் எழுதி அனுப்பி, கடிதமாகவே பதில் வாங்கினார். உங்கள் சாமி யார், பேய் என்று எதைச் சொல்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். 1713ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர்கள் அச்சடிக்க மறுத்துவிட்டார்கள். ‘உங்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, இங்கே கொண்டுவந்து பரப்ப அல்ல’ என்கிற தோரணையில் பதில். அது 1867ல்தான் சென்னையில் அச்சானது.

அடுத்த நூற்றாண்டில் வந்தவர்களுக்குக் கேட்பதற்கு அவ்வளவு பொறுமை இல்லை. இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல், 1849ல் எழுதிய ஒரு நூலில் தென்பாண்டி மக்களின் கிராம வழிபாட்டைப் பிசாசு வழிபாடு என்றே எழுதினார். (பின்னாளில் அந்த நூல் அம்மக்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது தனிக் கதை.) சுடலைமாடனும் இசக்கியும், ஏன், நம்ம கொங்குநாட்டுக் கருப்பராயனும்கூட மிஷனரிகளின் அகராதியில் பிசாசுப் பட்டியலுக்குள் போனார்கள். ஊர்க்காரனுக்கோ அவர்கள் காவல்காரர்கள். அநியாயமாகச் செத்துப்போன அண்ணன், அக்கா.

இதில் ஒரு வேடிக்கையான விளைவு ஏற்பட்டது. ‘அது இல்லை’ என்று சொல்லியிருந்தால் பயம் போயிருக்கலாம். ‘அது இருக்கிறது, ஆனால் பிசாசு’ என்று சொன்னதால், மதம் மாறியவரின் மனசிலும் பழைய பயம் அப்படியே தங்கிவிட்டது. திருப்பூர்ச் சந்தில் அந்தச் சிலுவை டாலர் போட்ட பெண் ஏன் எலுமிச்சம்பழத்தைத் தாண்டிப் போனார் என்பதற்கு ஒரு பதில் இங்கே கிடைக்கிறது.

கிறிஸ்தவம் கொங்குநாட்டுக்கு நேற்று வந்ததும் இல்லை. பிரிட்டோ வேலை பார்த்த அதே மதுரை மிஷனின் பாதிரியார்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே சத்தியமங்கலம் வரை வந்தவர்கள். திருப்பூர்ப் பக்கமிருந்து கோவைக்குப் போகும் வழியில் கருமத்தம்பட்டியைப் பார்த்திருப்பீர்கள். சோமனூர் விசைத்தறிச் சத்தம் காதில் விழும் தூரம். அங்கேயுள்ள செபமாலை மாதா கோயில் பழமையானது. 1846ல் பிரெசிலாக் என்கிற பிரெஞ்சுக்காரர் கருமத்தம்பட்டியில்தான் பிஷப்பாகப் பட்டம் ஏற்றார். ஆக, இந்த நூல் பூமியில் ஜெபமும் மந்திரமும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பது பல தலைமுறை விஷயம்.

‘சரி சார், இதெல்லாம் பழங்கதை. இப்போது யார் சூனியக்காரியை எரிக்கிறார்கள்?’ என்று கேட்பீர்கள்.

சொல்கிறேன். 1912ல், சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில் மந்திரவாதி என்று சந்தேகப்பட்டவரின் முன்பற்களைப் பிடுங்கிய வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். பல் போனால் மந்திரம் சரியாக உச்சரிக்க வராதாம்! அது நூறு வருஷத்துக்கு முன்னால். இன்றைக்கு வாருங்கள். தன்பாத்திலிருந்து ஆலப்புழா போகும் எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நிற்கிறதே... அதிலிருந்து மூட்டை முடிச்சோடு இறங்கும் ஜார்க்கண்ட் இளைஞர்களின் மாநிலத்தில், சூனியக்காரி என்று பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க 2001ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. பீகாரில் 1999ல், ஒடிசாவில் 2013ல், அஸ்ஸாமில் 2015ல். சுட்னி மஹதோ என்கிற ஜார்க்கண்ட் பெண்மணி 1995ல் சூனியக்காரி என்று ஊராரால் தாக்கப்பட்டு, உயிர் பிழைத்து, தன்னைப் போன்ற பல பெண்களைக் காப்பாற்றினார். 2021ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எலுமிச்சம்பழத்தைத் தாண்டிப் போன அந்த நாலு பையன்களுக்கு அது வெறும் பழமாகத் தெரியாததில் ஆச்சரியமில்லை.

இன்னொன்று, தொழிற்சாலைக் கதை. மலேசியாவில் சுங்கைவே என்கிற இடத்தில் 1978ல், ஓர் அமெரிக்க எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து வேலை பார்த்த பெண்கள் சுமார் 120 பேருக்கு ‘ஆவி’ பிடித்தது. கத்தினார்கள், விழுந்தார்கள். மூன்று நாள் ஆலையை மூடினார்கள். மந்திரவாதியைக் கூப்பிட்டு ஆட்டைப் பலி கொடுத்தார்கள். ஐவா ஓங் என்கிற மானுடவியல் பெண் ஆய்வாளர் இதைப் போன்ற சம்பவங்களை ஆராய்ந்து 1987ல் ஒரு நூல் எழுதினார். கிராமத்திலிருந்து வந்த சின்னப் பெண்கள், நிமிர விடாத வேலை, ஓயாத கண்காணிப்பு, எதிர்த்துப் பேச முடியாத நிலை... வாய் சொல்ல முடியாததை உடம்பு சொல்லியது என்கிறார். ஒன்றரை ஷிப்ட் வேலையையும் மில் ஹாஸ்டல்களையும் அறிந்த நம்ம ஊர்க்காரர்களுக்கு இது அன்னியமாகத் தெரியாது.

அந்த 120 பெண்களையும் சேலத்துச் சிறுமிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துடிக்கிற ஒருத்தியின் முன்னால் நிற்கும்போது இரண்டு கேள்விகள் கேட்கலாம். ‘யார் செய்தது?’ என்று கேட்கலாம். ‘உனக்கு என்னம்மா ஆச்சு?’ என்றும் கேட்கலாம். முதல் கேள்வி கேட்டால் பதிலாக ஒரு பெயர் வரும்... மாமியார் பெயர், ஓரகத்தி பெயர், பக்கத்து லைன் வீட்டு விதவையின் பெயர். இரண்டாவது கேள்விக்கு, தூக்கமில்லை, சம்பளம் வரவில்லை, சூப்பர்வைசர் தப்பாக நடக்கிறான் என்று ஏதாவது வரும். அல்லது ஒரு நோய் தெரியவரும்.

கத்தோலிக்கத் திருச்சபைக்கே இது தாமதமாகவாவது புரிந்தது. பேய் ஓட்டும் சடங்குக்கான 1614ஆம் வருஷ விதியே, லேசில் பேய் என்று நம்பிவிடாதே என்றுதான் ஆரம்பித்தது. 1999ல் வத்திக்கான் வெளியிட்ட புதிய சடங்கு நூல் அதை இன்னும் இறுக்கியது. பிஷப்பின் அனுமதி இல்லாமல் எந்தப் பாதிரியாரும் அதைச் செய்யக் கூடாது. நோயாக இருக்கலாம் என்றால் முதலில் மருத்துவத்தைப் பார்க்க வேண்டும். எந்த மதமானாலும் இந்த எச்சரிக்கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியே சாட்சி. ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் பலி.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊரை விட்டு வந்து, பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலை நிமிர்கிற ஒருத்திக்கு, தலையில் கை வைத்து ‘பயப்படாதே’ என்று சொல்ல ஓர் ஆள் இருப்பது சின்ன விஷயமில்லை. பேய் உண்டா, இல்லையா என்ற பட்டிமன்றமும் இப்போதைக்கு முடியப்போவதில்லை. அது உங்கள் நம்பிக்கை. ஆனால், உங்களுக்காக ஜெபிக்கிறவரோ, தாயத்து கட்டுகிறவரோ, குறி சொல்கிறவரோ ‘இதைச் செய்தது இன்னார்’ என்று ஒரு பெயரைச் சொன்னால், அந்த நிமிஷமே செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். சேலத்திலும் டென்மார்க்கிலும் எல்லாம் ஆரம்பித்தது ஒரு பெயரில்தான்.

அந்த எலுமிச்சம்பழம் என்ன ஆச்சு என்று சொல்லவில்லையே? பத்து மணி இருக்கும். துணி ரோல் ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ சந்துக்குள் திரும்பியது. பின்சக்கரம் நேராக அதன் மேல் ஏறி இறங்கியது. டிரைவர் கவனிக்கக்கூட இல்லை. டைம் ஆச்சு என்று ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டார்.